நின்றால் தேவலை

தாராபுரம் தாண்டியாயிற்று, வண்டி இன்னும் நிற்கவில்லை. புதன்கிழமையும் சனிக்கிழமையும் இதே ரோட்டில் நிற்காதே சாமி, நிற்காதே சாமி என்று வேண்டிக்கொண்டு ஓட்டுகிறவள், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நின்னு தொலையேன், தயவு பண்ணி நின்னு தொலையேன் என்று வேண்டிக்கொண்டு ஓட்டுகிறேன், எந்தச் சாமி கேட்டுக்கொண்டிருந்தாலும் அதற்குத் தலை சுற்றியிருக்கும். பக்கத்து சீட்டில் மெக்கானிக் ஜமால் அண்ணன். அவர் பட்டறையில் இருந்தால் அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும், வருகிறவன் போகிறவனை எல்லாம் ஒரு கிண்டல் பண்ணாமல் விடமாட்டார், தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்வதில் கூச்சமே கிடையாது, "இந்த ஜில்லாவுல இந்த மாதிரி பழைய வண்டிக்கு என்னைய விட்டா ஆளில்லைங் அம்மிணி, இருந்தாச் சொல்லுங்க, நானே போயி அவங்கிட்ட வேலைக்குச் சேர்ந்துக்கறேன்" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் வண்டி கிளம்பினதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை டேஷ்போர்டு மேல் வைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார், "நீங்க கிளாசுக்கு எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க, அதே ஆளுக, அதே வேகம், பாப்பா எங்க உக்காருமோ அங்கயே உக்காரட்டும், நான் வண்டிக்குள்ள இல்லைன்னு நெனைச்சுக்குங்க." அதென்ன சுலபமா, பெட்ரோலும் பீடியும் கலந்த வாசத்தோடு ஒருத்தர் பக்கத்தில் இருக்கும்போது இல்லையென்று நினைக்க. ஆனால் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. நிற்கிற வண்டியை நிற்கிற இடத்தில் போய்த்தான் பிடிக்க வேண்டும், பட்டறையில் கட்டிப்போட்டு அதன் வாயைப் பிடுங்கினால் அது என்ன சொல்லும். என் வீட்டுக்காரர் நாளைக்குக் காலையில் புரோக்கரை வரச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு நின்று, ஏன் நின்றது என்று தெரிந்தால் வண்டி இருக்கும். நிற்காமலே சமர்த்தாக ஓடினால் நாளைக்கு விற்றுவிடுவார். நன்றாக ஓடினால் போய்விடும், கெட்டுப்போனால் தங்கும், இப்படி ஒரு கணக்கை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

டங் என்று பின்னால் ஒரு சத்தம், எவர்சில்வர் டம்ளரில் புளியங்கொட்டை விழுகிறது. என் மகள் தனுஸ்ரீ. எதிரே போன லாரியின் ஹாரனுக்கு ஒரு கொட்டை. அவளுக்கு ஐந்து வயது, இரண்டு காதிலும் மிஷின், பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது, பேச்சு இப்போதுதான் ஒவ்வொரு சொல்லாக வருகிறது. திருப்பூரில் அவளுக்கு வகுப்பு, ஜெசிந்தா டீச்சர். ஏதாவது சத்தம் கேட்டால் கொட்டையை எடுத்து டம்ளரில் போட வேண்டும், அதுதான் விளையாட்டு, அதுதான் பாடம். வகுப்பில் கலர் மணி வைத்திருக்கிறார்கள், வண்டியில் எங்களுக்குப் புளியங்கொட்டை, நம் வீட்டில் அதற்கென்ன பஞ்சம். "வகுப்பு ஒரு மணி நேரம், உங்க கார்ல போகவரப் பாதி நாள், அதுல நீங்கதான் டீச்சர்" என்று ஜெசிந்தா டீச்சர் சொன்ன அன்றைக்கு எனக்கு ஒரு சாண் வளர்ந்தது போல இருந்தது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புளியங்காய் தின்றவளை டீச்சர் என்று இன்னொரு டீச்சர் சொல்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆடு பார், ஆடு மே, அதோ கரண்டு எடுக்கிற பெரிய காற்றாடி பார், அம்மா பாடறேன் கேளு. பஸ்ஸில் இது நடக்குமா. பஸ்ஸில் போய்ப் பார்த்தோம், ஏர் ஹாரன் ஒன்று அடித்தான், பிள்ளை மிஷின் இரண்டையும் பிடுங்கி என் மடியில் போட்டுவிட்டு முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள், திருப்பூர் போய்ச் சேர்ந்தும் மாட்டவிடவில்லை. இந்த வண்டிக்கு அவள் வைத்த பெயர் ம்ம். மிஷின் மாட்டின முதல் நாள், திரும்பி வருகிறோம், கதவின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தவள் திடீரென்று நிமிர்ந்து உதட்டை மூடிக்கொண்டு "ம்ம்" என்றாள். இன்ஜின் சத்தம். என் மகள் திருப்பிச் சொன்ன முதல் சத்தம் அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை, இந்தத் துருப்பிடித்த வண்டி போட்ட ம்ம். இதைத்தான் வீட்டுக்காரர் புரோக்கரிடம் கொடுக்கச் சொல்கிறார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் பயம் அவருக்கு. வெள்ளிக்கிழமையானால் அவர்தான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைக் கழுவுவார், அவள்தான் பொட்டு வைப்பாள், அவரைவிட இந்த வண்டி மேல் பாசம் வைத்தவர்கள் யார்.

ஜமால் அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். வேகம் கூடிவிட்டது போல, காலைத் தூக்கினேன். ஆயுத பூஜை முடிந்து சில நாளில் ஆரம்பித்த வியாதி இது. ஒரு முனகல் கிடையாது, திணறல் கிடையாது, பேசிக்கொண்டே இருக்கிற ஆள் பாதி வார்த்தையில் எழுந்து போன மாதிரி அப்படியே நின்றுவிடும். எனக்கு முன்னால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், "ம்ம் இல்ல" என்று இரண்டு கையையும் விரிப்பாள். டீ குடிக்கிற நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பக் கிளம்பும். மெக்கானிக் வருவதற்குள் கிளம்பிவிடும், அதுதான் அதன் கெட்ட புத்தி. ஒருத்தர் ப்ளக் மாற்றினார், ஒருத்தர் பம்ப்பைப் பிரித்தார், ஒருத்தர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு "கிளட்ச்ச சரியா மிதிக்கறீங்களா அம்மிணி" என்றார். பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிற நாளில் கொடுவாய் வரைக்கும் நிற்காது, அதனால் அடியில் கிடக்கிற தூசிதான் என்று எங்கள் வீட்டவர் டாங்க்கைக் கழற்றிக் கழுவிக்கூட மாட்டினார், அன்றைக்கு ஓடியது, அடுத்த வெள்ளி பொட்டு வைத்து, சனிக்கிழமை நின்றது. அந்தச் சனிக்கிழமையை நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அதுதான் வருகிறது. நால்ரோட்டில் பாதி கடக்கும்போது நின்றது. இடது பக்கம் சிமெண்டு டாங்கர், அதன் முகம் முழுக்க ஜன்னலில். பிரேக்கின் காற்று புஸ்ஸென்று எனக்கு முதுகெலும்பு வரைக்கும் போனது. டிரைவர் தலையை நீட்டி என்னவோ திட்டினான், அப்புறம் பின் சீட்டில் பிள்ளையைப் பார்த்துவிட்டு அவனே இறங்கி வந்து தள்ளிவிட்டான். அதெல்லாம் சரி, என் மனதில் சிக்கிக்கொண்டது வேறு. அந்தப் புஸ்ஸுக்கு என் மகள் திரும்பவில்லை. எதிர்ப்பக்கக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். டீச்சர் ஆறு சத்தம் வைத்துச் சோதிப்பார், ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். ஐந்துக்கு மணி விழுகிறது. ஸ் என்று சொன்னால், வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு எத்தனை தடவை சொன்னாலும், மணியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் அவ்வளவு பொறுமையாக. அவள் பெயரில் நடுவிலேயே அந்தச் சத்தம் இருக்கிறது, அவள் சொன்னால் தனுஈ. போன வாரம் மிஷினில் என்னவோ கூட்டி வைத்திருக்கிறார்கள், "இதுல பிடிக்குதான்னு பாப்போம், ஒரு வகுப்பையும் விட்டுறாதீங்க, இல்லைன்னா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்" என்றார் டீச்சர். ஒரு வகுப்பையும் விடாமல் இருக்க வண்டி வேண்டாமா.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஜமால் அண்ணனைப் பற்றி. முதல் நாள் பட்டறையில் இரண்டு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. இது எனக்குப் பழக்கமான கதை. பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது இவளுக்குக் கேட்கவில்லையோ என்று முதலில் எனக்குத்தான் பட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் சரியாக அந்த நேரம் பார்த்துத் திரும்புவாள், அவர் மேசையைத் தட்டுவார், அதிர்வில் பிள்ளை முகம் திரும்பும், "நல்லாத்தானே இருக்கு, நீங்கதான் வீணா ரோசனை பண்ணிக்கறீங்க." வீட்டுக்கு வந்து தட்டை அவள் பின்னால் கீழே போட்டால் அசையமாட்டாள். விட்டு விட்டு வருகிற கோளாறு இருக்கிறதே, அது பார்க்கிறவன் முன்னால் வராது, சொல்கிறவளைப் பொய்க்காரி ஆக்கிவிடும். அதே மாதிரிதான் அன்றைக்கும் பட்டறையில் வண்டி ம்ம் என்று சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது, நான் அவர் வாயிலிருந்து அதே வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தேன். ஜமால் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க நின்னுதுன்னு சொல்றீங்க, அப்ப நின்னுருக்கு. இங்க நிக்கலைன்னா இங்க ஏதோ ஒண்ணு கொறையுது, அவ்வளவுதான். வாங்க, அது நிக்கற ஊருக்கே போவோம்" என்றார். அப்பா, அந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. ஒரு மனிதன் தன் கண்ணால் பார்க்காததை இன்னொருத்தி சொன்னாள் என்பதற்காக நம்புவது எவ்வளவு பெரிய விஷயம். அவர் ஜம்பம் எல்லாவற்றையும் அன்றைக்கே மன்னித்துவிட்டேன், ஜில்லாவிலேயே ஆளில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஜெசிந்தா டீச்சரும் இதே ஜாதி. சத்தம் சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். நான் பதறிப்போய் போடு தங்கம், போடு என்று ஜாடை காட்டினால் என் கையைப் பிடித்துக்கொள்வார், "நீங்க காட்டினா அவ உங்க மூஞ்சியத்தான் பாப்பா, சத்தத்தக் கேக்க மாட்டா. சும்மா இருங்க. சும்மா இருக்கறதுதான் இங்க வேலை." சும்மா இருப்பதை இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும், ஒருத்தர் இதோ பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு.

போன் அடித்தது. எங்கள் வீட்டுக்காரர்தான். ஸ்பீக்கரில் போட்டேன். "நின்னுச்சா?" "இன்னும் இல்லீங் மாமா." "கெரகம், வேண்டாங்கறப்ப நிக்கும். எங்க இருக்கறீங்க?" "குண்டடம் தாண்டிட்டோம்." "ஜமால் என்ன சொல்றாப்ல?" "ஒண்ணுஞ் சொல்லலீங்க." "அவுரு ஒண்ணுஞ் சொல்லலயா? அப்ப அவுருக்குத்தான் மொதல்ல வைத்தியம் பாக்கோணும்." ஜமால் அண்ணன் மூடின கண்ணோடு உதட்டை மட்டும் கோணினார். எனக்குச் சிரிப்பு, சிரித்ததில் கண்ணில் தண்ணீர், காற்றாடிகள் எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தன. அவர் போனை வைக்காமல், "மைனா" என்றார், "பாத்து ஓட்டு, என்ன?" அந்த என்னவில் சிமெண்டு டாங்கர் இருந்தது. அவர் அன்றைக்கு அங்கே இல்லை, நான் சொல்லிக் கேட்டதுதான், ஆனால் நேரில் பார்த்த என்னைவிட அவர்தான் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தார். மாமா, நீங்கள் நல்லவர், அதனால்தான் இந்த வண்டி நிற்க வேண்டும். கொடுவாய்க்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. நில்லு. உனக்குப் பிள்ளை கையால் பொட்டு, வெள்ளிக்கிழமையானால் குளியல், சாம்பிராணி, எந்தப் பழைய வண்டிக்கு இந்த உபசாரம் கிடைக்கும், எனக்காக ஒரு தடவை நில்லேன். வேலிமுள் மரம், காற்றாடி, முருங்கைக்காடு, கோழிப்பண்ணை வாசம், டங் என்று ஒரு கொட்டை, யாரோ புல்லட்டில் போகிறான், மறுபடி காற்றாடி. ம்ம்ம் என்று என் காலடியில், உள்ளங்காலில், பல்லில் ஓடுகிறது அந்தச் சத்தம், இவ்வளவு நாளில் நானும் அதைக் கதவில் கன்னம் வைத்துக் கேட்கிறவளாக ஆகிவிட்டேன், அதில் எங்காவது ஒரு நூல் அறுகிறதா, இல்லை, வழவழவென்று போகிறது, பாவி, போய்க்கொண்டே இருக்கிறது, நாளைக்குப் புரோக்கர் வந்து போனட்டைத் தட்டிப் பார்ப்பான், அட, நல்லாத்தானே ஓடுது என்பான், இந்த நல்லாத்தானே என்ற வார்த்தையை நான் இன்னும் எத்தனை பேர் வாயிலிருந்து, "ம்ம் இல்ல."

பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், இரண்டு கையையும் விரித்திருக்கிறாள். பெரிய மனுஷி. ஸ்டியரிங் கனத்துவிட்டது, வண்டி வெறும் உருளலில் போகிறது, ஓரங்கட்டு ஓரங்கட்டு என்று ஜமால் அண்ணன் கத்துவதற்குள் ஓரங்கட்டிவிட்டேன், இதில் எனக்குப் பழக்கம் அதிகம். "நின்னுருச்சு ணா!" என்று நான் கூவியதைக் கேட்டிருந்தால் யாராயிருந்தாலும் எனக்குப் பரிசு விழுந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் அதற்குள் இறங்கி போனட்டைத் தூக்கிவிட்டார். இப்போது பார்க்க வேண்டும் அவரை. ஒரு ப்ளக் வயரைப் பிடுங்கி இரும்போரம் பிடித்தார், "செல்ஃப் அடிங்க." அடித்தேன். பொறி நீலமாகத் தெறித்தது. "கரண்ட் இருக்கு. கரண்ட்டு மேல பழி போட்டவனெல்லாம் வந்து பாக்கட்டும்." அடுத்தது பெட்ரோல் வருகிற ட்யூபை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டார், "அடிங்க." அடித்தேன். ஒரு சொட்டு. அப்புறம் இன்னொரு அரைச் சொட்டு, வரலாமா வேண்டாமா என்று நுனியில் தொங்கியது. "எண்ணெய் வர மாட்டேங்குது. பம்ப்பு புதுசு, ட்யூபு நல்லாருக்கு, டாங்க்குல கெடக்கு, ஆனா வரல." அவர் சொன்னது எனக்குச் சொன்னது இல்லை. வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டே போகிற ஆள் மாதிரி முன்னாலிருந்து பின்னால் நடந்தார், ஒவ்வொரு இடத்திலும் இங்கே இல்லை என்று ஒரு தலையசைப்பு, அவசரமே இல்லை, வண்டி தானாகக் கிளம்பிவிடுமோ என்ற அவசரம் எனக்குத்தான். பின்பக்கம் இடது ஓரம், பெட்ரோல் ஊற்றுகிற இடத்துத் தகட்டைத் திறந்தார். பின் கதவு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு தனு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே இருந்த மூடியைத் திருகினார். ஸ்ஸ்ஸ்ஸ். நீளமாக, ஒல்லியாக, ஊசி நுழைந்த பலூன் மாதிரி. அவர் கை அப்படியே நின்றது. என் கையும் சாவியில் நின்றது. அந்த அமைதியில் டங் என்று ஒரு புளியங்கொட்டை விழுந்தது.

"மூச்சு முட்டிப் போச்சுங்க அம்மிணி, மூச்சு முட்டிப் போச்சு!" ஜமால் அண்ணன் குதிக்கிறார், அவர் குரல் திரும்ப வந்துவிட்டது, காற்றாடிக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். மூடியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேலே ஒரு பொடி ஓட்டை இருக்க வேண்டிய இடம், பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போக வேண்டிய வழி, அதன் மேல் காய்ந்து இறுகின சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் இன்னொரு சந்தனம். ஆயுத பூஜை அன்றைக்கு அப்பா இடுப்பில் இருந்துகொண்டு விளக்குக்கு, கண்ணாடிக்கு, டயருக்கு என்று வைத்துக்கொண்டே வந்தவள், இந்தத் தகட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே இருந்த மூடிக்கும் வைத்தாள். அப்புறம் வண்டி நின்றது. நின்றதால் கண்ணுபட்டது என்று வெள்ளிக்கிழமைதோறும் கழுவி, வைத்த இடத்திலெல்லாம் மறுபடி வைத்தோம், ஒரு இடம் விட்டாலும் அவள் விடமாட்டாள். நிற்க நிற்கப் பொட்டு, பொட்டு வைக்க வைக்க நிற்கிறது. எனக்குப் பால் புட்டி ஞாபகம் வந்தது, மூடியை இறுக்கித் திருகிவிட்டால் பிள்ளை உறிஞ்சி உறிஞ்சி ரப்பர் சப்பிப் போய்விடும், பால் இருக்கும், வராது, வீறிடுவாள், கொஞ்சம் தளர்த்தினால் குமிழி குமிழியாகக் காற்று ஏறி, கடகடவென்று குடிப்பாள். அடப் பாவமே, இந்த வண்டியும் இத்தனை மாதமாக அப்படித்தான் சப்பிக்கொண்டிருந்ததா. "எங்க பட்டறையில பூஜைக்குப் பொட்டு வெச்ச பையன் ஒருத்தன் பூட்டுல சாவி ஓட்டைய அடைச்சான், அத விட இது பெருசுங்க" என்றார் ஜமால் அண்ணன், "ஊக்கு இருக்கா?" வளையலில் எப்போதும் இருக்குமே, எடுத்துக் கொடுத்தேன். குத்தி, ஊதி, கண்ணருகே வைத்து வானத்தைப் பார்த்தார். அவர் சந்தோஷத்தில் நானும் சிரிக்கிறேன், கையைத் தட்டுகிறேன், ஆனால் என் மனது அந்தக் கொட்டையிலேயே நிற்கிறது. எதற்குப் போட்டாள். அவர் கை திருகுவதைப் பார்த்துப் போட்டாளா, நான் அதிர்ந்ததைப் பார்த்துப் போட்டாளா, கையிலிருந்து வழுக்கி விழுந்ததா. கேட்டால் சொல்லத் தெரியாது. பார்க்காமல் இருக்கும்போது கேட்க வேண்டும், ஒரு தடவை போதாது, டீச்சர் சொல்வார், "ஒரு தடவைங்கறது சந்தோஷம், ரெண்டாவது தடவைதான் நிச்சயம்." வாயைத் திறந்து கேட்கலாமா, இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது, சரிபண்ணின வண்டியை மறுபடி கெடுங்கள் என்று. அப்போது அவரே மூடியைக் கையில் உருட்டிக்கொண்டு, "ஆனா ஒண்ணுங் அம்மிணி, இதுதான்னு இன்னும் நான் சொல்ல மாட்டேன். திரும்ப அடைச்சுப் போட்டு, திரும்ப நின்னாத்தான் இது. நிக்கலைன்னா வேற எதோ. சித்தே பொறுத்துக்குவீங்களா?" என்றார். பொறுத்துக்கொள்வேனா. "அடைங்கணா, நல்லா அடைங்க" என்றேன். அடைக்க என்ன இருக்கிறது என்று சட்டைப்பையைத் தடவினார், நான் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நீட்டினேன். ஒரு கணம் பார்த்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார், "பொட்டுலயே வந்தது, பொட்டுலயே பாத்துருவோம்" என்று ஓட்டைமேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, மூடியைத் திருகினார். அவர் முன்னால் ஏறி உட்கார்ந்ததும் கொட்டை விஷயத்தை மெல்லச் சொன்னேன். ஸ் என்கிற சத்தம், இதுவரைக்கும் ஒரு தடவை கூட, இப்போது ஒருவேளை. அவர் பின்னால் திரும்பித் தனுவைப் பார்த்தார், சிரிக்கவில்லை, கிண்டல் பண்ணவில்லை. "அப்ப இந்தத் தடவை நான் ஓசைப்படாம போறேன்" என்றார்.

மறுபடி ரோடு. கொடுவாய் வந்தது, போனது. இப்போது என் நெற்றி வெறுமையாக, காற்று அங்கே மட்டும் குளிர்ச்சியாகப் படுகிறது. வேண்டுதல் எனக்கு முடிந்துவிட்டது, இனி கேட்பதற்குச் சாமியிடம் சொல் இல்லை, வெறுமனே ஓட்டுகிறேன். பயம் மட்டும் வேறு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, நின்றுவிடுமோ என்று பயந்தேன், நிற்காமல் போய்விடுமோ என்று பயந்தேன், இப்போது நின்று, அவர் இறங்கி, மூடியைத் திருகி, அப்புறம் ஒன்றும் விழாமல் போனால் என்ன செய்வது. விழாவிட்டால் விழாவிட்டதுதான். அதற்காக இந்தப் பிள்ளை என்ன, இந்தப் பிள்ளை வெயிலில் சிரிக்கிற பிள்ளை. கண்ணாடியில் பார்க்கிறேன், டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு வலது ஜன்னலில் காற்றாடியை எண்ணிக்கொண்டு வருகிறாள், ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. அந்தப் பக்கமே பாரு கண்ணு, அந்தப் பக்கமே. நான் ஜாடை காட்டமாட்டேன், சும்மா இருப்பேன், நானும் கற்றுக்கொண்டுவிட்டேன் டீச்சர். ம்ம்ம்ம் என்று உள்ளங்காலில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு இடத்தில் இல்லாமல் போனது. "ம்ம் இல்ல" என்றாள் என் மகள், காற்றாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே. ஓரங்கட்டினேன். ஜமால் அண்ணன் என் பக்கம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், அவர் வேலை நிச்சயமாகிவிட்டது, அந்த முகத்தில் அவ்வளவு பெரிய சந்தோஷம், அதை அப்படியே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். வெயிலில் கொதிக்கிற தாரில் வெறுங்கால். கதவைச் சாத்தவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்துகொண்டார், தகடு திறந்தது எனக்கே கேட்கவில்லை. ஒரு லாரி வந்தது, டங், போனது. ஒரு பஸ், டங், போனது. அவர் மூடியில் கை வைத்தபடியே குனிந்திருக்கிறார், ரோடு ஓயட்டும் என்று. நான் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நேராக, கோடு வரைக்கும், கோடு முடிகிற இடத்தில் கானல் தண்ணீர் வரைக்கும், என் முகத்தில் இருந்து அவள் ஒன்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று மட்டும். அப்புறம் ஸ்ஸ்ஸ்ஸ், அதே ஒல்லிச் சத்தம், நீளமாக, முடியவே முடியாது போல, முடிந்தது. ஒன்றும் இல்லை. திரும்பாதே. மைனா, திரும்பாதே. சும்மா இரு. அவளுக்கு நேரம் வேண்டும், கேட்டது என்ன என்று அவளுக்கே தெரிய நேரம் வேண்டும், இதுவரைக்கும் உலகத்தில் இல்லாத ஒன்று.

டங்.

"ஸ்" என்றாள் பின்னாலிருந்து, பல்லைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எச்சில் தெறிக்க, காற்றாடியிடம்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்தேன். "நின்னுச்சா?" என்றார் அவர். ஜமால் அண்ணன் வெறுங்காலோடு ரோட்டோரம் நின்று, என் பொட்டை மூடியிலிருந்து பத்திரமாக உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நின்னுச்சுங் மாமா" என்றேன், "ரெண்டு தடவை நின்னுச்சுங்க. புரோக்கர வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

"நின்னதுக்கா அழுவற?" என்றார் அவர்.